ஒரு கிழங்குக்கு மூன்று கேள்வி: வினாப் பலகை செய்த பதிவு

சனசமூக நிலையத்தின் சுவரில் சாத்தி வைக்க ஒரு வினாப் பலகை. இடப்பக்கம் 15 கேள்வி, வலப்பக்கம் 15 விடை, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பித்தளை போல்ட். இடக்கையில் உள்ள குச்சியைக் கேள்வியிலும் வலக்கையில் உள்ளதை விடையிலும் வைக்க வேண்டும். பொருத்தம் சரியென்றால் விளக்கு எரியும், பஸர் கத்தும். பாடசாலைக் கண்காட்சியில் எல்லோரும் கண்ட பொருள்தான். கண்காட்சிப் பலகை ஒரு நாள் தாக்குப்பிடித்தால் போதும். இது வன்னி வெயிலிலும் மாரி ஈரத்திலும் மாதக்கணக்காகப் பிள்ளைகளின் கையில் கிடக்க வேண்டும். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கென்று தொடங்கிய வேலை. பலகை இப்போது ஒழுங்காக ஓடுகிறது. செய்ய நினைப்பவர்களுக்காக அளவுகளோடும் விலைகளோடும் எழுதி வைக்கிறோம்.

தலைப்புகள் ஐந்து: மரக்கறி, விளையாட்டுப் பொருள், சுப்பர்ஹீரோ, தேவதைக் கதை, விண்வெளிப் படம். தோட்டத்தால் வரும் அம்மம்மாவும் கார்ட்டூன் பார்க்கும் பேரனும் ஒரே பலகையின் முன் நிற்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலவைக்குக் காரணம்.

வெள்ளித்தாள் போதாது

ஒவ்வொரு கேள்விப் போல்ட்டையும் அதன் விடைப் போல்ட்டோடு பின்னால் இணைக்க மிகச் செலவு குறைந்த வழி, மட்டையின் பின்பக்கம் சமையல் வெள்ளித்தாளைக் கீற்றுகளாக வெட்டி ஒட்டுவது. ஐந்து கேள்விக்கு அது போதும். 15 கேள்விக்குச் சரிவராது. கீற்றுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இடையில் ரேப் ஒட்ட வேண்டும். 15 கீற்றும் முழுவதும் தலைகீழாகப் போனால் 105 வெட்டுச் சந்திகள் வரும். நாங்கள் முதலில் செய்த மாதிரியில் அதில் பாதிகூட இல்லை. அப்படியும் மதிய வெக்கைக்கு ரேப்பின் பசை இளகி நழுவியது; இரண்டு கீற்று தொட்டுக்கொண்டு பிழையான விடைக்கு விளக்கு எரிந்தது. ஓட்டை வரும் இடத்தில் தாள் கிழிவதும் வழக்கம். பலகையே பொய் சொன்னால் பிள்ளைகள் அதை இரண்டாம் முறை நம்பமாட்டார்கள். அதனால் வயருக்கு மாறினோம்.

பலகையும் போல்ட்டும்

6 மில்லிமீற்றர் பிளைவூட், 3 அடிக்கு 2 அடி. முழுத் தகடு வாங்கத் தேவையில்லை. தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டு கேட்டால் கிடைக்கும். எங்களுக்கு 900 ரூபாவுக்குக் கிடைத்தது. பின்பக்கம் நான்கு ஓரத்துக்கும் ரீப்பை அடித்தால் வயர்கள் சுவரில் உரசாது, பலகையும் வளையாது. சுற்றளவு 10 அடி, ஆகவே ரீப்பையும் 10 அடி.

போல்ட் போடும் முன்பே இரண்டு பூச்சு வாணிஷ் அடித்துக் காயவிட வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. போல்ட் போட்டபின் வாணிஷ் அடித்தால் போல்ட் தலையிலும் மெல்லிய படை ஏறும். கண்ணுக்குத் தெரியாது, மின்சாரத்தை மறிக்கும்.

இடது ஓரத்திலிருந்து 4 செ.மீ. உள்ளே ஒரு நிரை, வலது ஓரத்திலிருந்து 4 செ.மீ. உள்ளே மற்ற நிரை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 83 செ.மீ. மேலிருந்து கீழாகப் போல்ட்டுக்குப் போல்ட் 3.8 செ.மீ.; 15 போல்ட்டுக்கு மொத்தம் 53.2 செ.மீ. ஓடும், மேலும் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். வழக்கமாக இரண்டு நிரையையும் நடுவில் எதிரெதிரே வைப்பார்கள். இங்கே வேண்டுமென்றேதான் வெளியோரத்தில் வைத்தோம். காரணம் குச்சி வயரின் நீளத்தில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

4 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 4.5 மில்லிமீற்றர் ஓட்டை. ஆணியால் ஒரு புள்ளி குத்திவிட்டுத் துளைத்தால் டிரில் வழுக்காது. பலகைக்கு அடியில் ஒரு பழைய மரத்துண்டை இறுக்கி வைத்துத் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் சிராய் பிளந்து எழும்பும். போல்ட்டின் நீளம் 20 மில்லிமீற்றர் போதும்: வாசர், பலகை, வாசர், நட், பிறகு வயர், வாசர், இரண்டாவது நட். முதல் நட் போல்ட்டைப் பலகையில் பிடித்து வைக்கும், இரண்டாவது வயரைப் பிடிக்கும். ஒரே நட்டில் இரண்டு வேலையையும் முடித்தால், வயரை மாற்றத் தளர்த்தும் நேரத்தில் போல்ட்டும் சேர்ந்து சுற்றும்.

வெள்ளைப்பூச்சு இரும்புப் போல்ட் பாதி விலைக்கு வரும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் அது கொஞ்சக் காலம் தாங்கும். முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து, குச்சி உரசும் இடத்திலேயே துருவைத் தொடக்கிவிடும். பித்தளைக்குச் செலவழிப்பதே நல்லது. குத்துவிளக்கு மினுக்குவதுபோல் புளி போட்டு மினுக்கலாம், ஆனால் பலகையில் பூட்டுவதற்கு முன்பு மட்டும். பூட்டியபின் புளித்தண்ணி வாசருக்குள் தங்கிப் பச்சை பூக்கும். பிறகு கறுத்தால் மெல்லிய அரத்தாளால் ஒரு தேய்ப்புப் போதும்.

வயர்

நெற்வேர்க் கேபிள் 2.5 மீற்றர் வாங்கினால் வேலை முடிந்தது. உள்ளே எட்டு நிறத்தில் எட்டு வயர் இருக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் 1.25 மீற்றரில் 16 துண்டு. தேவை 15, ஒன்று கைவசம். இந்தப் பலகையில் மிக நீண்ட குறுக்குப் பாதை, மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு, 1 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே எந்தக் கேள்வியிலிருந்து எந்த விடைக்கும் துண்டு எட்டும், பின்னாளில் இடம் மாற்றவும் தாராளமாக நீளம் இருக்கும்.

வயர் நுனியில் 2 செ.மீ. தோலை உரித்து, நட் சுற்றும் திசையிலேயே வளையமாக வளைக்க வேண்டும். எதிர்த்திசையில் வளைத்தால் நட்டை இறுக்க இறுக்க வளையம் விரிந்து வெளியே வரும். ஈயம் பற்றவைக்கவில்லை. கேள்வித் தொகுதி மாறும்போது வயரும் மாற வேண்டும். ஈயப்பற்று அதற்கு இடைஞ்சல்.

குச்சியிலிருந்து வரும் வயருக்கு இந்தக் கேபிள் உதவாது. அதனுள் இருப்பது ஒற்றைக் கம்பி, ஆடி ஆடி முறியும். குச்சிக்குப் பல நூல் கொண்ட ஸ்பீக்கர் வயர் வேண்டும். குச்சி என்பது மை முடிந்த பேனாவின் கூடு. எழுதும் முனையை எடுத்துவிட்டு, வயர் பூட்டிய ஒரு பித்தளைப் போல்ட்டைத் தலை வெளியே தெரியும்படி செருகிப் பசை வைத்தால் சரி. பலகையிலிருந்து வயர் வெளியே வரும் ஓட்டைக்குள் ஒரு முடிச்சு, வெளியே சைக்கிள் ரியூப் துண்டு ஒரு சுற்று. பிள்ளைகள் இழுக்கும்போது அந்த இழுவையை முடிச்சுத்தான் தாங்க வேண்டும். இல்லையென்றால் முதல் கிழமையே அந்த இடத்தில் உள்ளுக்குள் அறும். வெளியே தோல் அப்படியே இருப்பதால் பழுதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடு.

இப்போது நீளம். வயரும் குச்சியும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 38 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். வயர் புறப்படும் ஓட்டை அந்தந்தப் பக்க நிரையின் நடு உயரத்தில், வெளியோரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து மேல் போல்ட்டுக்கு 27 செ.மீ. அளவு, கீழ்ப் போல்ட்டுக்கும் அதே. எனவே தன் நிரை முழுவதையும் குச்சி தொடும், எதிர்ப்பக்க நிரையைத் தொடாது. இரண்டு குச்சியையும் நேருக்கு நேர் நீட்டினாலும் 76 செ.மீ.தான், இடைவெளி 83. ஒன்றோடொன்று முட்டவே முட்டா.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நீண்ட வயர் உள்ள பலகையில் இரண்டு குச்சியையும் ஒன்றோடொன்று தொட்டாலே விளக்கு எரியும். ஒரே போல்ட்டில் இரண்டையும் வைத்தாலும் எரியும். இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதன்பின் யாரும் கேள்வியை வாசிக்கமாட்டார்கள். வயரைக் குறுக்கினால் அந்த வழி அடைபடும். இன்னொரு பெரிய நன்மையும் உண்டு: இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஒரே விடையைக் கொடுக்கலாம். ஒரே விடைக்குப் போகும் கேள்விப் போல்ட்டுகள் பின்னால் இணைந்தே இருக்கும். நீண்ட குச்சி என்றால் கேள்விக்கும் கேள்விக்கும் தொட்டாலே விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். குட்டைக் குச்சியால் அது முடியாது. கேள்விகளின் முழு அமைப்பும் இந்த 38 செ.மீ.இல்தான் தங்கியிருக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு இரண்டு கையையும் 83 செ.மீ. அகட்டிப் பிடிப்பது கொஞ்சம் சிரமம். அப்போது இருவர் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் கேள்வியில், ஒருவர் விடையில். வைப்பதற்கு முன் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அது குறை அல்ல.

பற்றரி, விளக்கு, பஸர்

சுவர் மணிக்கூட்டுக்குப் போடும் சிறு பற்றரி நான்கு, அதற்கான பெட்டி ஒன்று: மொத்தம் 6 வோல்ட். 9 வோல்ட் சதுரப் பற்றரி கைக்கு அடக்கம்தான், ஆனால் விலை கூட, சீக்கிரம் தீரும், கிராமத்துக் கடையில் எப்போதும் இருக்காது. ரோர்ச் பல்ப்பும் வேண்டாம். பற்றரி இறங்க இறங்க மங்கும், விழுந்தால் இழை அறும்.

சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் தேவை. மிச்சம் 4 வோல்ட்டை 270 ஓம் தடையி ஒன்று எடுத்துக்கொண்டால் 15 மில்லி அம்பியர் அளவு ஓடும். கண்ணுக்கு நல்ல வெளிச்சம். தடையி இல்லாமல் நேரே 6 வோல்ட்டில் பூட்டினால் எல்.ஈ.டி. அந்த இடத்திலேயே போய்விடும். பஸர் வாங்கும்போது பற்றரி கொடுத்தவுடன் தானாகக் கத்தும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 3 முதல் 24 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும் வகை 6 வோல்ட்டில் நன்றாக வேலை செய்யும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொரு வகை நேரே பற்றரியில் கொடுத்தால் ஒரு சொடுக்குச் சத்தத்தோடு நின்றுவிடும்.

இணைப்பு: பற்றரியின் நேர்முனையிலிருந்து இடது குச்சி. வலது குச்சியிலிருந்து வரும் வயர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தடையி வழியாக எல்.ஈ.டி.யின் நீண்ட காலுக்கும் மற்றது பஸரின் சிவப்பு வயருக்கும் போகும். எல்.ஈ.டி.யின் குட்டைக் காலும் பஸரின் கறுப்பு வயரும் சேர்ந்து எதிர்முனைக்கு. சுவிச் தேவையில்லை, குச்சிகள் சரியான சோடியைத் தொடும்வரை சுற்று திறந்தே கிடக்கும், பற்றரி வீணாகாது. பஸர் கத்தி விளக்கு எரியாவிட்டால் எல்.ஈ.டி. தலைகீழாகப் பூட்டியிருக்கிறது; காலை மாற்றிவிடுங்கள்.

வெளியில் வேப்பமரத்தின் கீழ் வைத்தால் நடுப்பகலில் எல்.ஈ.டி. எரிவது தெரியாது. கறுப்பு மை பூசிய போத்தல் மூடியில் ஓட்டை போட்டு எல்.ஈ.டி.யை உள்ளே தள்ளி வைத்தால் தெரியும்.

கேள்விகள்

வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான். பலகையில் விளக்கு எரிந்துவிட்டால் அதுதான் சரி என்று பிள்ளை மனதில் பதியும். அதனால் சந்தேகத்துக்கு இடமுள்ள ஒரு வரியும் பலகையில் ஏறக்கூடாது.

"முதல்" என்று தொடங்கும் கேள்விகளில்தான் ஆபத்து அதிகம். "முதல் சுப்பர்ஹீரோ யார்" என்றால் சுப்பர்மேன் என்பார்கள். அவர் அச்சில் வந்தது 1938இல். முகமூடி போட்ட வேதாளர் (ஆங்கிலத்தில் பான்டம்) 1936இலேயே பத்திரிகைத் தொடராக வந்துவிட்டார். அவரைச் சேர்ப்பதா இல்லையா என்பது வாதம், விடையல்ல. எனவே கேள்வி "சுப்பர்மேன் முதலில் அச்சில் வந்த ஆண்டு" என்று மாறியது. "விண்வெளியில் முதலில் வளர்ந்த மரக்கறி" என்று உருளைக்கிழங்கைப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது 1995 ஒக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் வளர்ந்தது. ஆனால் சோவியத் சல்யூட் விண்வெளி நிலையங்களில் அதற்கு முன்பே வெங்காயமும் பட்டாணியும் முளைக்க வைத்துப் பார்த்தார்கள். எனவே "முதலில்" என்ற சொல்லை வெட்டி, "1995இல் கொலம்பியா விண்ணோடத்தில் நாசா வளர்த்த கிழங்கு எது" என்று போட்டோம்.

தக்காளி பழமா மரக்கறியா என்பது எல்லா வினாப் போட்டியிலும் வரும். தாவரவியலில் பழம், குசினியில் மரக்கறி, இரண்டும் சரி. சரியாகக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இறக்குமதி வரிக்காக இதை மரக்கறியாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அது எது என்று கேட்டால் விடை ஒன்றே ஒன்று.

அடுத்தது விடையின் இனம். 15 விடையில் ஒன்றே ஒன்றுதான் ஆண்டு என்றால், "எந்த ஆண்டு" என்ற கேள்விக்கு வாசிக்கத் தெரியாத பிள்ளையும் விடை சொல்லிவிடும். ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது நான்கு வேண்டும். எங்கள் பலகையில் ஆறு மரக்கறி, ஐந்து ஆண்டு, நான்கு நாடு. இதில் 11தான் உண்மை விடைகள். வெண்டிக்காய், 1969, 1977, இத்தாலி ஆகிய நான்கும் போலி. அந்தப் போல்ட்டுகளுக்குப் பின்னால் வயரே இல்லை. போலி இல்லாவிட்டால் கடைசி இரண்டு கேள்வியையும் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

பலகையின் உயிர் உருளைக்கிழங்குதான். அந்த ஒரு போல்ட்டுக்கு மூன்று கேள்விகள் வந்து சேர்கின்றன. ஒன்று மேலே சொன்ன விண்ணோடம். மற்றது மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் என்ற விளையாட்டுப் பொருள். 1952இல் விற்பனைக்கு வந்தபோது பெட்டிக்குள் கண், காது, மூக்கு, தொப்பி போன்ற உறுப்புகள் மட்டும்தான் இருந்தன. குத்துவதற்கு வீட்டிலிருந்து உண்மையான மரக்கறியை எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் உடம்பு சேர்ந்தது 1964இல்தான். தொலைக்காட்சியில் விளம்பரமான முதல் விளையாட்டுப் பொருள் என்ற பெயரும் அதற்கே. மூன்றாவது, செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவர் பயிர் செய்து உயிர் பிழைக்கும் 2015ஆம் ஆண்டுப் படமான தி மார்ஷியன். மரக்கறி, விளையாட்டுப் பொருள், விண்வெளிப் படம் மூன்றும் ஒரு கிழங்கில் சந்திக்கின்றன. முதல் கேள்விக்கு உருளைக்கிழங்கில் விளக்கு எரிந்தபின் அது முடிந்த விடை என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாம் முறையும் அதிலேயே எரியும்போது பலகையை முழுதாகத் திரும்ப வாசிக்கத் தொடங்குவார்கள். மூன்று தலைப்புக்கு மூன்று தனிக் கேள்வி போட்டால் இந்தத் திரும்ப வாசிப்பு நடக்காது.

ஆண்டுகளிலும் இதே பொருத்தம் கிடைத்தது. ஸ்பைடர்மேனும் ஹல்க்கும் 1962இல் பிறந்தவர்கள்; ஒரு போல்ட்டுக்கு இரண்டு வயர். 1902க்கும் இரண்டு. பிரெஞ்சு இயக்குநர் மெலியே எடுத்த நிலாப் பயணப் படம், நிலாவின் கண்ணில் ரொக்கெட் குத்தி நிற்கும் காட்சி உள்ளது, அந்த ஆண்டில் வந்தது. அமெரிக்க சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டி வைத்த கரடியைச் சுட மறுத்ததும் அதே ஆண்டு. டெடி கரடிப் பொம்மைக்குப் பெயர் வந்த நிகழ்ச்சி அது. பொம்மை விற்பனைக்கு வந்த நாளைக் கேட்டால் இழுபறி. வேட்டை நடந்த ஆண்டைக் கேட்டால் சரி.

தேவதைக் கதையும் மரக்கறியும் தாமாகவே சேரும். சின்ட்ரெல்லாவின் வண்டி பூசணிக்காய். இது பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் எழுதிய வடிவத்தில் வருவது. கிரிம் சகோதரர்களின் சின்ட்ரெல்லாவில் பூசணி கிடையாது. தாயின் கல்லறையில் நின்ற மரமும் பறவைகளும்தான் உடுப்புக் கொடுக்கும். ஆகவே கேள்வியில் பெரோவின் பெயர் கட்டாயம் வர வேண்டும். டென்மார்க் எழுத்தாளர் அன்டர்சன் 1835இல் எழுதிய இளவரசி கதையில் 20 மெத்தையும் அதன்மேல் 20 இறகு மெத்தையும் அடுக்கியும் அவளை உறுத்தியது பட்டாணி.

மற்ற மரக்கறிக் கேள்வி வன்னிக்கென்றே போட்டது: "மண்ணுக்கு மேலே பூத்து, மண்ணுக்குள்ளே காய்ப்பது எது?" பிள்ளைகளின் குச்சி உருளைக்கிழங்குக்கே போகும். விடை கச்சான், அதாவது நிலக்கடலை. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு, பூவிலிருந்து வந்த காய் அல்ல. கச்சானில் பூ கருக்கட்டியபின் அதன் அடியிலிருந்து ஒரு முளை கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்துப் போய் உள்ளே காயாகும். "கச்சான் வேரில காய்க்கிறேல்லை பிள்ளை, பூ விழுது விட்டு இறங்கித்தான் காய்க்கும்" என்று பக்கத்தில் நிற்கும் அம்மம்மா ஒருவர் கட்டாயம் சொல்லுவார். இந்தப் பலகையில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன் விடை சொல்லும் கேள்வி இதுதான்.

நாடுகள்: லெகோ விளையாட்டுக் கட்டை பிறந்தது டென்மார்க், ரூபிக் கனசதுரம் ஹங்கேரி. மூன்றாவது இலங்கை. 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்துக்கு இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் 1956 முதல் எந்த நாட்டில் வாழ்ந்தார் என்பது கேள்வி. ஆர்தர் சி. கிளார்க் 2008இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். படம் 1968இல் வந்தது, மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முதல் ஆண்டு. 1969 என்ற போலி விடையை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒவ்வொரு விடைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி நூலகப் பொறுப்பாளரிடம் கொடுத்தோம், விளக்கு எரிந்ததும் வாசிக்க. ஹல்க் அட்டையில்: முதல் இதழில் அவன் நிறம் சாம்பல், அச்சில் ஒரே சீராக வராததால் இரண்டாம் இதழிலிருந்து பச்சை. லெகோ அட்டையில்: எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் 915,103,765 விதமாகப் பூட்டலாம். பலகைக்குள் அடங்காத நல்ல செய்திகளை வீணாக்காமல் வைக்க இது வசதி.

அச்சடிப்பு

கேள்விக் கீற்று 35 செ.மீ.க்கு 3.5, விடைக் கீற்று 18க்கு 3.5. எழுத்து 20 புள்ளி, இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. ஏ3 தாளில் எடுத்தால் 35 செ.மீ. அடங்கும். கொமினிகேசன் கடைக்கு எழுத்துக் கோப்பை அப்படியே கொண்டுபோனால் அங்குள்ள கணினியில் எழுத்துகள் உடையலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததா யூனிகோட்டில் அடித்ததா என்ற சிக்கல் எப்போதும் இருக்கிறது. பி.டி.எப். ஆக்கிக் கொண்டுபோங்கள். மை தெளிக்கும் அச்சில் எடுத்தால் வியர்வை பட்டுக் கரையும். ஒரு பிரதியை எடுத்து அதைப் போட்டோக் கொப்பி அடித்தால் கரையாது.

தெளிந்த பைல் கவரைக் கீற்றைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டி, கீழும் போல்ட் பக்கமும் இருபக்க ரேப்பால் ஒட்டினால் ஒரு பொக்கற் ஆகும். கீற்றை உட்பக்கத்திலிருந்து செருகலாம். கேள்வி மாறும்போது தாளை மட்டும் உருவினால் போதும்.

செலவு

பிளைவூட் 900, ரீப்பை 600, வாணிஷ் 450. பித்தளைப் போல்ட் 32, நட் வாசர் எல்லாம் சேர்த்து 1,440. செலவில் பெரிய பங்கு இதுதான். நெற்வேர்க் கேபிள் 250, ஸ்பீக்கர் வயர் 60, பஸர் 150, எல்.ஈ.டி.யும் தடையியும் 30, பற்றரிப் பெட்டி 150, பற்றரி 280. அச்சு, பைல் கவர், ரேப் 400. மொத்தம் 4,710 ரூபா. டிரில் இரவல். இரும்புப் போல்ட் போட்டால் 4,000க்குள் முடித்திருக்கலாம். காரணம் மேலே சொன்னோம், வேண்டாம்.

சோதிக்கும் முறை

பூட்டி முடிந்ததும் 15 சரியான சோடியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு விடக்கூடாது. பிழையான சோடி எரியாமல் இருக்கிறதா என்பதுதான் பெரிய சோதனை. இடது குச்சியை ஒரு கேள்வியில் வைத்து, வலது குச்சியால் 15 விடையையும் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வாருங்கள். ஒரே ஒரு முறை கத்த வேண்டும். 15 கேள்விக்கும் இப்படி. இரண்டு முறை கத்தினால் பின்னால் எங்கோ உரித்த நுனி நீண்டு பக்கத்துப் போல்ட்டைத் தொடுகிறது. ஒரு முறையும் கத்தாவிட்டால் பெரும்பாலும் வளையம் தோலின் மேல் இறுகியிருக்கும். விட்டு விட்டுக் கத்தினால் பற்றரிப் பெட்டியின் சுருளைப் பாருங்கள்.

மாரியில் பலகை ஈரம் குடித்து ஊதும், கோடையில் சுருங்கும். அதனால் நட்டுகள் தளரும். வருடத்துக்கு இரண்டு முறை, மழை முடிந்த தை மாசியில் ஒன்றும் மழைக்கு முன் புரட்டாதியில் ஒன்றுமாக, பின்பக்கம் திறந்து எல்லா நட்டையும் ஒரு கால் சுற்று இறுக்கினால் போதும்.

அடுத்த பலகையில் மாற்றுவது

பின்பக்கத்தை மூட ஹாட்போட் ஆணி அடித்து வைத்தோம். திறக்கத் திறக்க ஆணி ஓட்டை பெருக்கிறது. அடுத்ததில் பிணைச்சலும் கொளுக்கியும். போல்ட்டின் பின்னால் நிரையையும் எண்ணையும் பெயின்ரால் எழுதி வைக்க வேண்டும், முன்பக்க எண் பின்னால் இடம் வலமாக மாறித் தெரிவதால் வயர் மாற்றுபவர் குழம்புவார். மேல் போல்ட்டின் உயரம் நிலத்திலிருந்து 4 அடிக்கு மேல் போகக்கூடாது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாது.

இரண்டாம் தொகுதிக் கேள்விகளில் சில தயார். 2008இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போய் அடுத்த ஆண்டு திரும்பி வந்த பொம்மை, டோய் ஸ்ரோரி கார்ட்டூன் படத்தின் பஸ் லைட்இயர். ஸ்ரார் வோர்ஸ் முதல் படத்தின் பொம்மைகள் நத்தாருக்குத் தயாராகாததால், வெறும் பெட்டியும் பிறகு தருகிறோம் என்ற சீட்டும் விற்கப்பட்ட ஆண்டு 1977. பினோக்கியோ கதை பிறந்த நாடு இத்தாலி. பின்னைய இரண்டும் இப்போதைய பலகையில் போலி விடைகள். அவை உண்மையாவதற்கு ஹல்க்கின் வயரை 1962இலிருந்து கழற்றி 1977க்கும், லெகோவின் வயரை டென்மார்க்கிலிருந்து கழற்றி இத்தாலிக்கும் மாற்றிவிட்டு, அந்த இரண்டு கேள்விக் கீற்றையும் உருவிப் புதியதைச் செருகினால் சரி. டென்மார்க் அப்போது போலியாகிவிடும், 1962 ஸ்பைடர்மேனோடு உண்மையாகவே நிற்கும். ஆக, பலகையை மனப்பாடம் செய்தவர்களுக்கு இரண்டு வயர் மாற்றத்தில் புதுப் பலகை.